எங்கள் வீட்டுச் சண்டை

சிரிப்புச் சத்தம் முதலில் வரும், படம் பிறகுதான் வரும். லண்டனிலிருந்து மாமா அனுப்பும் வீடியோக் கசெட்டுக் கொப்பியை எங்கள் பழைய 'டெக்' கடகடவென்று உள்ளே இழுத்துக்கொண்டதும், திரையில் வெள்ளைப் புள்ளிகள் மழையாகச் சொரிய, அந்த மழைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருங்கூட்டம் வாய்விட்டுச் சிரிப்பது கேட்கும்; சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த ஒரு மணம் டெக்கின் முதுகிலிருந்து கிளம்பும்; அப்பா எழுந்துபோய் அதன் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், படம் தெளியும். பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கிழவரும், கலியாணம் ஆகாமல் வயது ஏறிக்கொண்டு போகும் அவருடைய மகனும், ஓட்டை உடைசல் நிறைந்த தங்கள் வீட்டுக்குள் நின்று ஒருவரையொருவர் தின்றுவிடுவதுபோலச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அது இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் அப்பா இளைஞராக இருந்த காலத்திலேயே புகழ்பெற்று, பிறகு பல வருடங்கள் மறுபடி மறுபடி காட்டப்பட்ட ஒரு நகைச்சுவைத் தொடர். ஒவ்வொரு வாரமும் மகன் அந்த வீட்டை விட்டுப் போக வழி தேடுவான். ஒவ்வொரு வாரமும் கிழவர் நோய் வந்ததுபோல நடித்தோ, சூழ்ச்சி செய்தோ, சில நேரம் வெறுமனே பாவமாகப் பார்த்தோ அவனை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியில், பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு சிறிய ஊரின் மூன்றாம் மாடியில், நாங்கள் நான்கு பேரும் சனிக்கிழமைகளைக் கழித்தோம்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் பகுதியில் பல வருடங்களாகத் தமிழ் நாடகம் போட்டுவந்த குணம் அண்ணைக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம். 'உங்கடை சின்ன வயசிலை அவர் போட்ட அப்பரும் பொடியனும் எண்ட நாடகத்தைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதித் தாங்கோ அக்கா, சனம் வயிறு நோகச் சிரிச்ச நாடகமாம்' என்று ஓர் இளம்பிள்ளை மிகுந்த மரியாதையோடு கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்ட கட்டுரை இது இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மலரில் இது வராது என்பதும் தெரியும். ஆனாலும் சனம் வயிறு நோகச் சிரித்ததை மட்டும் அச்சிலேற்றி, எதைப் பார்த்துச் சிரித்தது என்பதை விட்டுவிட்டுப் போக என்னால் ஏலாது.

அப்பா ஊரில் எழுதுவினைஞராக இருந்தவர்; ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் எழுதி முடிப்பார் என்று அம்மா சொல்லுவா. இங்கே வந்து, விமானங்களிலிருந்து இறங்குகிற சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும் வேலையில் சேர்ந்தார். ஜெர்மன் மொழி அவர் நாக்கில் கடைசிவரை ஏறவில்லை. அதனால்தான் அந்த லண்டன் கொப்பிகளை அவர் அப்படிக் கொண்டாடினார் என்று இப்போது நினைக்கிறேன். வாரம் முழுக்க ஊமையாகத் திரிந்த மனிதருக்குச் சனிக்கிழமை ஒருநாள் காதில் விழுவதெல்லாம் விளங்கியது. கிழவர் ஒரு குத்தல் கதை கதைத்தால் அப்பா அதை நிறுத்தி, திருப்பிப் போட்டு, எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவார். அண்ணா உடனே மகனுடைய பக்கம் சேர்ந்துகொள்வான்.

'அந்தாளை விட்டுட்டு அவன் போயிருக்கலாம். விசரன்.'

'போய் என்ன கிழிக்கப் போறான்? சமைக்கத் தெரியாது, உடுப்புத் தோய்க்கத் தெரியாது.'

'அதெல்லாம் பழகலாம். இந்த மனிசனோடை இருக்கத்தான் பழகேலாது.'

'டேய், நீ ஆரைச் சொல்லுறாய்?'

இப்படியே படத்துச் சண்டை எங்கள் வீட்டுச் சண்டையாகிவிடும். திரையில் கிழவரும் மகனும் ஒருபக்கம், செற்றியில் அப்பாவும் அண்ணாவும் மறுபக்கம். செற்றி என்று நாங்கள் சொல்வது மூன்று பேர் அமரக்கூடிய மெத்தை வைத்த நீள இருக்கையை. ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் அண்ணா, நடுவில் நான். இரண்டு பக்கமும் கோபம் என் தலைக்கு மேலால் போய்வரும். எனக்குப் பயம் தொடக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் நான் அடுப்படிக்கு ஓடிப்போய், அப்பாவும் அண்ணாவும் சண்டை பிடிக்கினம் என்று முறையிட்டபோது, அம்மா பருப்பில் அகப்பையை வைத்தபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னா: 'சண்டை இல்லைப் பிள்ளை, அவை கதைக்கினம்.'

அம்மா சொன்னது சரி. ஹீட்டரை எத்தனையில் வைப்பது என்பதிலிருந்து அண்ணாவின் தலைமயிர் எவ்வளவு வளரலாம் என்பதுவரை, அவர்கள் கதைத்த கதையெல்லாம் சண்டையாகத்தான் கதைத்தார்கள். பதினாலு வயதுப் பையனும் அவனுக்கு விளங்காத ஒரு துக்கத்தைச் சுமந்து திரியும் தகப்பனும் வேறு எப்படிக் கதைப்பது? பாசத்தைச் சொல்லிக் காட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை. சத்தம் போடும் பழக்கம் இருந்தது. அண்ணா பாடசாலையிலிருந்து வரப் பிந்தினால் அப்பா ஜன்னலடியில் நிற்பார். அவன் தலை தெருமுனையில் தெரிந்ததும் செற்றியில் வந்து இருந்துகொண்டு, கதவு திறந்தவுடன் ஏசத் தொடங்குவார். ஏச்சு வரவில்லையென்றால் அண்ணாவே, 'ஏன், இண்டைக்கு என்ன, சுகமில்லையோ?' என்று கேட்பான்.

அந்தச் செற்றி வந்த கதையையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆண்டுக்குச் சில நாட்கள், வீட்டுக்கு வேண்டாத பெரிய சாமான்களைச் சனங்கள் தெருவோரத்தில் வைப்பார்கள். மறுநாள் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். 'ஸ்பெர்முல்' என்று அதற்குப் பெயர். எங்கள் ஆட்களில் அந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. அதிலிருந்து ஒரு சாமானாவது எடுக்காத வீடும் இல்லை, இப்போது அவர்கள் என்ன சொன்னாலும். அப்பாவுக்கு அதில் ஒரு கண் இருந்தது. மேசைவிளக்கு, புத்தகத் தட்டு, அம்மாவின் தையல் மேசை, அந்த டெக்குக்கூட அப்படி வந்ததுதான். செற்றியை அப்பாவும் அண்ணாவும் இரண்டு தெரு தள்ளியிருந்து தூக்கிவந்தார்கள், வழி முழுக்கச் சண்டை பிடித்தபடி. கரும்பச்சை நிறம், வலது கைப்பிடிப் பக்கம் மட்டும் தேய்ந்துபோன மெத்தை. அம்மா சவர்க்காரம் போட்டு உரஞ்சி, வெயில் வந்த ஒரேயொரு நாளில் பல்கனியில் காயவைத்தா. அதன்பிறகு அது எங்களுடையதாகிவிட்டது.

ஒருநாள் அண்ணாவின் வகுப்புத் தோழன் ஒருவன், டானியல் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப்பாடம் செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தான். செற்றியில் இருந்தவன் திடீரென்று குனிந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஜெர்மனில், 'இது எங்களுடைய ஸோபா, நான் சின்ன வயதில் இங்கே பேனையால் கீறியிருக்கிறேன்' என்றான். கேலியாகச் சொல்லவில்லை. தொலைந்த நாய்க்குட்டியைக் கண்ட மாதிரிச் சந்தோஷமாகச் சொன்னான். அந்தக் கீறலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். குதிரைபோல ஒன்று வரையப்பட்டிருந்தது. அண்ணா பாடக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. அவன் காது இரண்டும் சிவந்துபோய் இருந்தன.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே தொடங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டில் குணம் அண்ணையும் இருந்தார்.

குணம் அண்ணையைப் பற்றி நியாயமாகவே எழுதவேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர், தொழிற்சாலையில் வேலை, சாமான் ஏற்றும் வான் வண்டி ஒன்று வைத்திருந்தார், எனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். பெரியவர்கள் அழைப்பதைக் கேட்டுப் பிள்ளைகளாகிய நாங்களும் அவரைக் குணம் அண்ணை என்றே அழைத்தோம். சனிக்கிழமைகளில் வந்து எங்களோடு இருந்து கொப்பி பார்ப்பார். அம்மா போடும் தேநீரையும் உழுந்து வடையையும் பாராட்டாமல் சாப்பிட்டதில்லை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அப்பா மொழிபெயர்க்கக் கேட்டுச் சிரிப்பார். படம் முடிந்த பிறகும் அப்பாவையும் அண்ணாவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். 'உங்கடை வீட்டிலை டீவி தேவையில்லை அண்ணை' என்று அப்பாவிடம் சொல்லுவார். அப்பாவும் சிரிப்பார்.

அன்று நடந்த சண்டையில் சிரிக்க எதுவும் இருக்கவில்லை.

'அவன்ரை வீட்டுக் குப்பையிலை இருந்தோ நான் படிக்கிறது?' என்று அண்ணா கேட்டான்.

'குப்பை எண்டால் நிலத்திலை இருந்து படி.'

'நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிஞ்சிடும். உங்களுக்கு வெக்கம் எண்டு ஒண்டு கிடையாதோ?'

'உழைச்சுத்தான் சாப்பிடுறன். எனக்கு என்னத்துக்கு வெக்கம்?'

அண்ணா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழமைதான் அவன் அப்பாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு 'டெர்மின்' என்று, நேரம் குறித்துத் தந்த சந்திப்பில் மொழிபெயர்க்க, பாடசாலையை விட்டுவிட்டுப் போய்வந்திருந்தான். அங்கே போகும் ஒவ்வொரு முறையும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அப்பாவைப் பார்க்காமல் அண்ணாவைப் பார்த்தே கதைப்பார்; உன் தகப்பன் ஏன் இன்னும் மொழி படிக்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பார்; அந்தப் பிள்ளை அதைத் தமிழில் தகப்பனுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லவைத்த அந்த மனிதர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. வளர்ந்த ஒருவரின் அவமானத்தை அவர் மகனுடைய வாயாலேயே மொழிபெயர்த்துக் கேட்பது எந்த நாட்டு ஒழுங்கு? அந்தப் பாரம் முழுவதையும் அன்று அண்ணா அப்பாமேல் இறக்கினான்.

'உங்களோடை டெர்மினுக்கு வரேக்கை எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு தெரியுமோ? நீங்கள் வாயைத் திறந்தாலே எனக்கு வெக்கமாக் கிடக்கு.'

அப்பா ஒரு கையில் சப்பாத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, சண்டைக் குரலில்லாத ஒரு குரலில் சொன்னார்:

'எனக்கும் வெக்கமாத்தான்ரா கிடக்கு, வாயைத் திறக்க.'

அண்ணா அறைக்குள் போய் அழுதான். பிறகு அப்பா அந்த அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலின் விளிம்பில் இருந்தார். மறுநாள் இருவரும் ஹீட்டருக்காக வழக்கம்போலச் சண்டை பிடித்தார்கள். அதைக் கேட்டு அம்மா மூச்சு விட்டதை நான் கண்டேன். ஆனால் முதல்நாள் குணம் அண்ணை அந்த அறைவரை வரவில்லை. சண்டையையும் அதில் வந்த குதிரைக் கதையையும் கேட்டார், தேநீரைக் குடித்து முடித்தார், எழுந்து போய்விட்டார்.

அந்த வருடம் நவராத்திரியை ஒட்டி வரும் வாணி விழாவுக்கு அவர் நாடகம் போடப்போவதாகச் சொன்னார்கள். எங்களிடம் கொப்பிகள் சிலவற்றை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அப்பா பெருமையோடு கொடுத்தார். விழாவுக்கு முதல் நாள் வானோடு வந்து, 'ஒரு குடும்ப நாடகம் அண்ணை, மேடைக்கு வீட்டுச் சாமான் ஒண்டு வேணும், உங்கடை செற்றியைத் தாறியளோ?' என்று கேட்டார். தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தைத்தான் விழாவுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அப்பாவும் அண்ணாவும் அந்தச் செற்றியை மூன்று மாடி இறக்கி, வானில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கி, மேடையில் எங்கே வைத்தால் நன்றாகத் தெரியும் என்று தங்களுக்குள் வாதாடி, வைத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்திருந்தா. எனக்கு அப்போது பதினொரு வயது. பாட்டுப் போட்டியில் பாடி முடித்திருந்தேன். தலையில் இன்னும் மல்லிகை மணந்தது. திரை விலகியபோது எங்கள் செற்றி விளக்கு வெளிச்சத்தில் மேடை நடுவில் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எங்களுடையது என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னேன். பிறகு குணம் அண்ணை மேடைக்கு வந்தார். அப்பா போடுவதுபோன்ற மண்ணிறக் கம்பளித் தொப்பி. அப்பா செருமுவதுபோன்ற செருமல். அப்பா நடப்பதுபோல இடது காலைக் கொஞ்சம் இழுத்த நடை. பின்னால் ஒரு பொடியன், தலைமயிரை நெற்றியில் விழவிட்டு.

மண்டபத்தில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். முதல் சிரிப்பு எழுந்தபோதே சிலர் எங்கள் வரிசையை எட்டிப் பார்த்தார்கள். அப்பா முதலில் சிரித்தார். லண்டன் கொப்பியின் கதைதானே என்ற நம்பிக்கையில் சிரித்தார். ஸ்பெர்முல் வந்தது, சிரித்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. செற்றியைத் தூக்கிவரும் காட்சி வந்தது, டானியல் வந்தான், அவன் கீறிய குதிரை வந்தது. அண்ணா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. அவன் முழங்கை என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது கல்லுப்போல இருந்தது.

அதன்பிறகு அந்த வசனமும் வந்தது. எங்கள் வீட்டுக்குள் ஒரேயொரு தடவை சொல்லப்பட்ட அந்த வசனம். பொடியனாக நடித்தவன், நீங்கள் வாயைத் திறந்தாலே எனக்கு வெக்கமாக் கிடக்கு என்று கத்தினான். குணம் அண்ணை செற்றியில் சாய்ந்துகொண்டு, தொப்பியைப் பின்னால் தள்ளி, சபையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, 'எனக்கும் வெக்கமாத்தான்ரா கிடக்கு' என்றார்.

மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது.

அதே மண்டபத்தில் இருந்த எத்தனையோ தகப்பன்மார் அந்த வசனத்தைத் தாங்களும் மனதுக்குள் சொல்லிக்கொண்டவர்கள். எத்தனையோ பிள்ளைகள் அதே அலுவலகத்தில் அதே கதிரையில் இருந்து மொழிபெயர்த்தவர்கள். தங்கள் வீட்டில் நடந்ததை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டால் தங்களுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் சிரித்தார்கள். அந்த லண்டன் தொடரிலும் சனம் சிரித்தது. ஆனால் சிரித்து முடியும்போது அந்தக் கிழவரையும் மகனையும் பற்றி நெஞ்சில் ஏதோ ஒன்று கனக்கும். அவர்களுக்கு ஆளையாள் விட்டால் வேறு யாருமில்லை என்பது விளங்கும். குணம் அண்ணை அந்தக் கொப்பியிலிருந்து சிரிப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கனத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் அம்மா எழுந்தா. ஆட்கள் கூடிய இடத்தில் அம்மா உரக்கக் கதைத்து நான் கேட்டதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கவாட்டுப் படிகளில் ஏறி, மேடை விளக்குக்குள் போய் நின்றா.

'குணம் அண்ணை, எழும்புங்கோ. இது எங்கடை செற்றி.'

சபை இன்னும் பலமாகச் சிரித்தது. இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். குணம் அண்ணையும் ஒரு கணம் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா சபைப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வரிசையைப் பார்த்து, 'வந்து தூக்குங்கோ' என்று மட்டும் சொன்னா.

அப்பாவும் அண்ணாவும் மேடையேறினார்கள். முன்பக்கத்தை அப்பா பிடித்தார், பின்பக்கத்தை அண்ணா. படிகளில் சாய்த்து இறக்கி, கதிரைகளுக்கு நடுவிலிருந்த பாதையால், மண்டபத்தின் முழு நீளத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருபக்கமும் சனம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஓர் அக்கா சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, 'நல்லா நடிக்கினம்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மெத்தை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன்.

வெளியே தூறல். வான் குணம் அண்ணையுடையது. அதைக் கேட்க யாரும் போகவில்லை. தெருவழியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழக்கமாக இப்படிச் சாமான் தூக்கும்போது, நீ சரியாய்ப் பிடிக்கேல்லை, நீங்கள் கெதியாய் நடக்கிறியள் என்று முழுத் தெருவுக்கும் கேட்கக் கத்துவார்கள். அன்று மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. ரயில் பாலத்தடியில் அண்ணாவின் கை வழுக்கியது; கீழே வைத்தார்கள். இனித் தூக்க ஏலாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் நடைபாதையில் அந்தச் செற்றியில் இருந்தோம். நாயோடு வந்த வயதான ஜெர்மன்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, செற்றியைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், மாலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைய நாளில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து, 'வாங்கோ, போவம்' என்றார். செற்றியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.

அடுத்த கிழமை குணம் அண்ணை கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. 'சிரிக்கிறதுக்குத்தானே அண்ணை. எல்லாம் நீங்கள் தந்த கொப்பியிலை இருக்கிறதுதானே' என்றார் அவர். அப்பா கதவடியில் நின்று, 'நல்ல நாடகம் குணம், சனத்துக்கு நல்லாப் பிடிச்சிருந்தது' என்றார். அவர் அதைச் சொன்ன விதம், அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் அவர் இருக்கும் விதம்போலவே இருந்தது. குணம் அண்ணை நிம்மதியோடு படியிறங்கிப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை இல்லை.

இதைச் சொன்னால் பலருக்கு விளங்குவதில்லை, நல்லதுதானே என்கிறார்கள். அப்பா வாயைத் திறக்கும் முன் யோசித்தார். யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல, நாளைக்கு இது மேடையில் வந்துவிடும் என்பதுபோல, அண்ணாவும் சொல்லை விழுங்கினான். ஹீட்டர் எந்த எண்ணில் இருந்தாலும் சரி என்று விட்டார்கள். தலைமயிர் தோளைத் தொட்டது, அப்பா கண்டும் காணாமல் இருந்தார். டெர்மின்களுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள், என்ன நடந்தது என்று அம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்றார்கள். செற்றி இருந்த இடத்தில் அப்பா இரண்டு புதிய தனிக் கதிரைகளை வாங்கிப் போட்டார். சனிக்கிழமைகளில் டெக்கை யாரும் போடவில்லை. அண்ணா பாடசாலை முடித்து எர்லாங்கனில் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்துப் புறப்பட்ட அன்று, அப்பா ரயில் நிலையம்வரை வந்து, எந்த மேடையில் ரயில் மாறவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் கதைத்தார். அந்தத் தொடரில் வரும் கிழவர் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார், ரயிலின் முன்னால் குதிப்பேன் என்றிருப்பார். அண்ணா ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒருதரமாவது ஏசுவார் என்று எதிர்பார்த்தான் என்று, பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னான்.

குணம் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தட்டும். அவர் வேறு நல்ல நாடகங்களும் எழுதியிருக்கக்கூடும். நாங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தது தேநீர் குடிப்பதற்கு. எடுத்துக்கொண்டு போவதற்கு அல்ல. அந்த ஆங்கிலத் தொடரில் நடித்தவர்கள் நடிகர்கள். விளக்கு அணைந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்குப் போவதற்கு அந்த வீடுதான் இருந்தது.

இப்போது அந்த ஊரில் தெருவோரம் சாமான் வைக்க முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். கண்டபாட்டுக்கு வைத்தால் தண்டம். வாணி விழாவைப் பெரிய மண்டபத்தில் கொண்டாடுகிறார்கள், பிள்ளைகள் ஜெர்மனில் தலைமை தாங்குகிறார்கள். டெக் எப்போதோ போய்விட்டது, கொப்பிகளில் பூஞ்சணம் பிடித்து அம்மா எறிந்துவிட்டா. அப்பாவுக்கு இப்போது குனிய முடியாது.

போன மார்கழியில் அண்ணா எர்லாங்கனிலிருந்து வந்திருந்தான். அப்பாவுக்குக் குளிருக்குப் போடும் புதிய சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்து, முழங்காலில் இருந்து, தன் கையாலேயே காலில் மாட்டி, கயிறு கட்டிவிட்டான். 'சரியாக் கிடக்கோ அப்பா?' என்று கேட்டான்.

'ஓம், நல்லாக் கிடக்கு. நன்றி தம்பி' என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

அன்று முழுக்க அப்பா அதைப் போட்டுக்கொண்டு அவனோடு நடந்து திரிந்தார். அவனுடைய கார் தெருமுனையைத் தாண்டிய பிறகு, அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டா. இரண்டு குதிக்காலும் உரஞ்சிச் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது.

'இறுக்கம் எண்டு அவனிட்டைச் சொல்லியிருக்கலாமே?' என்று அம்மா கேட்டா.

'ஏன் அவனோடை சண்டை?' என்றார் அப்பா.